தரையில் படாத கால்

டாக்டர் அறைக்குள் ஒருவர் மட்டும் வரலாம் என்றாள் நர்ஸ். செல்லமுத்து எழுந்து, தோளில் கிடந்த துண்டை உதறி மடித்துப் போட்டுக்கொண்டு கிளம்புவதற்குள், சம்பந்தியம்மா கொளஞ்சியம்மாள் உள்ளே போய் உட்கார்ந்துவிட்டாள். கதவு சாத்திக்கொண்டது. பெண்ணைப் பெற்றவர் வராந்தாவில் நின்றார். பெஞ்சில் இடம் இருந்தும் அவர் உட்காரவில்லை. உள்ளே என்ன பேசினார்கள் என்பதைவிட, தான் வெளியே நிறுத்தப்பட்டோம் என்பதுதான் அந்த அரை மணி நேரத்தில் அவர் மனதில் ஏறியது.

செந்துறைக்குக் கிழக்கே நாலு கிலோமீட்டரில் அவருடைய ஊர். சுற்றியிருந்த காடெல்லாம் சுண்ணாம்புக்கல் சுரங்கத்துக்குப் போய்விட்ட பிறகும் தன் முந்திரிக்காட்டை விற்காமல் நின்றவர். சொன்ன சொல்லைத் திருப்பி வாங்கிக்கொண்டார் என்று அவரைப் பற்றி ஊரில் ஒருவரும் சொன்னதில்லை. அவருக்கு ஒரே மகள், முத்தமிழ். நாலு வருஷத்துக்கு முன் செட்டிகுளத்தில் அன்பழகனுக்குக் கட்டிக்கொடுத்தார். வெங்காயம் போடுகிற குடும்பம்; குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் போன வருஷம், வெங்காய மூட்டை ஏற்றிய டிரெய்லரின் மேல் நின்று கயிறு பிடித்துக்கொண்டிருந்த முத்தமிழ், மூட்டை சரிந்து கீழே விழுந்தாள். முழங்காலுக்குக் கீழே இடது கால் எலும்பு இரண்டாகப் போயிற்று. படித்த பெண்ணை டிரெய்லர் மேல் ஏற்றினார்களே என்ற கொதிப்பு செல்லமுத்துவுக்கு அன்றைக்கே ஆரம்பித்தது.

முதல் ஆபரேஷனில் பிளேட் வைத்தார்கள். எலும்பு சேரவில்லை. இரண்டாவது தடவை இடுப்பிலிருந்து எலும்பு எடுத்து இடைவெளியில் வைத்தார்கள். அதுவும் பிடிக்கவில்லை. இப்போது மூன்றாவது. பெரம்பலூரில் இந்த ஆஸ்பத்திரியில் ஏதோ புதுசாக ஒன்றைச் சோதனை முறையில் வைக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு அன்பழகன்தான் அலைந்து ஏற்பாடு செய்திருந்தான்.

வராந்தாவில் அவனே வந்து மாமனாரிடம் விவரம் சொன்னான்.

"சின்னத் தகடு மாமா. வெங்காயத் தோல் கணக்கா மெலிசா இருக்கு. உடைஞ்ச எடத்துல எலும்பைச் சுத்தி ஒட்டிடுவாங்களாம். அதுலேருந்து லேசா கரண்டு வரும். அந்தக் கரண்டுக்கு எலும்பு வளருமாம்."

"கரண்டுன்னா பேட்டரி எங்க வைப்பாங்க?"

"பேட்டரியே கெடையாதுங்க மாமா. உடம்பு அசைவுலேயே அது கரண்டு எடுத்துக்கும். முத்தமிழ் அந்தக் காலை ஊனி நடக்க நடக்க..."

அந்தச் சமயம் பார்த்துக் கதவு திறந்தது. ஃபைலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கொளஞ்சியம்மாள் வெளியே வந்தாள்.

"அண்ணே, நின்னுக்கிட்டேவா இருக்கீங்க? டிபன் சாப்டீங்களா இல்லியா? டேய் அன்பு, மாமாவ கேன்டீனுக்குக் கூட்டிட்டுப் போடா."

பெற்ற மகளின் ஆபரேஷனுக்கு வந்த இடத்தில் தன்னை விருந்தாளி போல விசாரிக்கிறாள். செல்லமுத்து "பசிக்கல" என்றார். அன்பழகன் பாதியில் விட்ட பேச்சை அவர் திரும்பக் கேட்கவில்லை. கேட்டால், இந்த அம்மாளுக்குத் தெரிந்தது தனக்குத் தெரியாது என்றாகிவிடும்.

ஆவணி முதல் வாரத்தில் ஆபரேஷன் நடந்தது. முத்தமிழைச் செட்டிகுளத்துக்கே கூட்டிப் போனார்கள். அதுவும் அவரைக் கேட்காமல் முடிவானதுதான்.

தீபாவளிக்கு ஆறு நாள் இருக்கும்போது அவர் செட்டிகுளம் போனார். மகளுக்குப் புடவை, மாப்பிள்ளைக்கு வேட்டி சட்டை, ஒரு கூடை பழம். வருகிறேன் என்று முன்கூட்டிச் சொல்லவில்லை. வாடகைக் கார் தெருவில் திரும்பியதுமே அவர் கண்ணில் பட்டது அந்தக் காட்சி.

வீட்டுக்கு முன்னால் சிமெண்டுக் களம். களத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு, இரும்பு வாக்கரைப் பிடித்துக்கொண்டு முத்தமிழ் நடந்துகொண்டிருந்தாள். இடது காலை ஊன்றும்போதெல்லாம் அவள் முகம் கோணியது. நைட்டியின் முதுகு வேர்வையில் ஒட்டியிருந்தது. கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்துகொண்டே இருந்தது. அதைத் துடைக்க அவளுக்குக் கை ஒழியவில்லை. களத்து ஓரத்தில் முறத்தை மடியில் வைத்துக்கொண்டு கொளஞ்சியம்மாள் உட்கார்ந்திருந்தாள். முறத்தில் புளியங்கொட்டைகள். ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு கொட்டையை இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் தள்ளினாள்.

"ஏய், தூக்கித் தூக்கி வைக்காத. ஊனு. முழுசா ஊனு. காலு அந்தரத்துல தொங்கறதுக்கா ஆண்டவன் குடுத்திருக்கான்? இன்னும் பதினோரு சுத்து கெடக்கு."

"முடியல அத்தை."

"முடியலன்னா யாரு உடுறா? உன் பாட்டுக்கு ஒக்காந்துட்டா அது சும்மாத்தான் உள்ள கெடக்கும். நட."

தெருவில் இரண்டு பெண்கள் குடத்தோடு நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்களில் ஒருத்தி உச்சுக் கொட்டினாள். செல்லமுத்துவின் காதில் அந்த உச்சுச் சத்தம்தான் பெரிதாக விழுந்தது.

அவர் இருபது வயதில் கை ஒடிந்து கட்டுப் போட்டுக்கொண்டவர். வைத்தியர் முட்டை வெள்ளையும் உளுந்துமாவும் தடவி, மூங்கில் பத்தை வைத்துக் கட்டி, நாற்பத்தைந்து நாள் விரல்கூட அசையக் கூடாது என்று சொல்லி அனுப்பினார். அசையாமல் இருந்தார். சேர்ந்தது. ஒடிந்த எலும்பு அசையக் கூடாது என்பது அவருக்கு யாரும் சொல்லித் தெரிய வேண்டிய விஷயம் அல்ல. அப்படிப்பட்டவர் கண் முன்னால், மூன்று தடவை அறுத்த காலை ஊன்றச் சொல்லி, பக்கத்தில் உட்கார்ந்து எண்ணிக்கொண்டிருக்கிறாள் ஒருத்தி. பெற்றவன் பொறுப்பானா?

"போதும்மா. நில்லு" என்றார்.

முத்தமிழ் திரும்பி அப்பாவைப் பார்த்தாள். பார்த்ததும் வாக்கரோடு அப்படியே நின்று தேம்பத் தொடங்கினாள்.

கொளஞ்சியம்மாள் எழுந்தாள். "வாங்கண்ணே. சொல்லாம கொள்ளாம வந்திருக்கீங்க. ஒரு பத்து நிமிசம் உள்ள ஒக்காருங்க, இத முடிச்சிட்டு வந்துடுறோம்."

"எத முடிச்சிட்டு?"

"நடையைத்தான். டாக்டர் சொன்ன கணக்கு. மூணாவது வாரத்துலேருந்து..."

"டாக்டர் சொன்னாரா, நீ சொன்னியா? ஆளு இல்லாத வூட்டுப் பொண்ணுன்னு நெனச்சியா? டிரெய்லர் மேல ஏத்தி ஒடச்சது பத்தாதுன்னு, இப்ப தெருவே பாக்க நடத்துற."

கொளஞ்சியம்மாளுக்கும் வாய் சும்மா இருக்காது. "தெருவுல நடத்தாம, அரண்மனையா கட்டி வெச்சிருக்கோம் உள்ள நடத்த? அண்ணே, நான் சொல்றதக் கேளுங்க. இவ நடந்தாத்தான் அதுல கரண்டு வரும். நடக்கலன்னா உள்ள வெச்சது வெறும் குப்பை. ஆறு வாரமா ஒருநாள் உடாம நடக்க வெச்சிருக்கேன். என்னைய ராச்சசின்னு இவளும் நெனைக்கிறா, தெருவும் நெனைக்குது. நெனச்சிட்டுப் போவட்டும்."

"பாப்பா, கார்ல ஏறு."

"கூட்டிட்டுப் போங்கண்ணே. தாராளமா. ஆனா அங்கயும் நடக்க வைக்கணும். வைப்பீங்களா?"

தெருவில் இப்போது ஏழெட்டுப் பேர் சேர்ந்துவிட்டார்கள். செல்லமுத்து அவர்கள் எல்லாருக்கும் கேட்கிற மாதிரிதான் சொன்னார்.

"என் வூட்டுல என் மவ கால் தரையில படாது. பாத்துக்க."

"படணும்ணே. அதத்தான் நான் சொல்றேன்" என்றாள் கொளஞ்சியம்மாள். குரல் இறங்கியிருந்தது. ஆனால் அவர் அதற்குள் மகளைக் கைத்தாங்கலாகக் காருக்கு நடத்திக்கொண்டிருந்தார். முத்தமிழ் அவர் தோளில் சாய்ந்தபடியே ஏறிக்கொண்டாள். கார் கதவு சாத்தியதும் சீட்டில் தலையைச் சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டாள். வாக்கரைத் தூக்கி வந்து டிக்கியில் வைத்தவள் கொளஞ்சியம்மாள்தான்.

அன்பழகன் அன்றைக்கு வெங்காய மண்டியில் இருந்தான். போனில் கூப்பிட்டபோது செல்லமுத்து நயமாகவே பேசினார். "மாப்ள, உங்க மேல எனக்கு ஒண்ணும் இல்லைங்க. கொஞ்ச நாள் பொறந்த வூட்டுல இருந்து தேறட்டும்."

தேறுவதற்கு என்னென்ன உண்டோ எல்லாம் நடந்தது. நடுக்கூடத்தில் தேக்குக் கட்டில் போட்டு, புது மெத்தை விரித்தார். தினமும் காலையில் ஆட்டுக்கால் சூப். அவர் மனைவி ராசாத்தி மகளுக்குத் தலை வாரி, காலுக்கு அடியில் தலையணை வைத்து, பக்கத்திலேயே கிடந்தாள். பாத்ரூமுக்குப் போவதற்குக்கூட இரண்டு பேர் தூக்கிக்கொண்டு போனார்கள். பார்க்க வந்தவர்கள் ஹார்லிக்ஸும் சாத்துக்குடியும் வாங்கி வந்து கட்டிலைச் சுற்றி உட்கார்ந்தார்கள். "பொறந்த வூடுன்னா இதுதான்" என்று அவர்கள் சொல்லிவிட்டுப் போவதைக் கேட்டு அவர் சட்டைக் காலரைச் சரிசெய்துகொள்வார்.

முதல் பத்து நாள் முத்தமிழும் எதுவும் கேட்கவில்லை. ஒரு வருஷத்துக்கு மேல் வலியிலேயே கிடந்தவளுக்கு வலி இல்லாத நாட்கள் இனித்திருக்கும். அதை யாரும் குற்றம் சொல்ல முடியாது. பதினோராம் நாள் அவள் கணுக்காலில் கட்டியிருந்த கறுப்புப் பட்டையைத் தொட்டுக் காட்டினாள். ஆஸ்பத்திரியில் கட்டிவிட்டது. கழற்றவே கூடாது என்று சொல்லியிருந்தார்கள்.

"அப்பா, இது சும்மா கட்டல. நான் எவ்வளவு நடந்தேன், உள்ள எவ்வளவு கரண்டு வந்துச்சுன்னு எல்லாம் இதுல பதியும். நான் நடக்கணும்பா."

"நடக்கலாம். புண்ணு ஆறட்டும்."

"புண்ணு எப்பவோ ஆறிப்போச்சு. உள்ள வெச்சது அஞ்சு மாசந்தான் இருக்கும். அப்புறம் கரைஞ்சு ரத்தத்தோட போயிடும். அதுக்குள்ள நடந்தாத்தான் உண்டு."

கரைந்துபோகும் என்பது அன்றைக்குத்தான் அவருக்குத் தெரிந்தது. அவருக்குச் சுருக்கென்றது. வாக்கரை எடுத்துவரச் சொன்னார். வாசலில் வேண்டாம், கூடத்துக்குள்ளேயே நட என்றார். இரண்டு நாள் நடந்தாள். விட்ட இடைவெளியில் கால் மறந்துபோயிருந்தது; முதலில் வலித்ததைவிட அதிகம் வலித்தது. மூன்றாம் நாள் பங்காளி வைரக்கண்ணு வந்தார். செல்லமுத்துவுக்கும் அவருக்கும் ஆறு வருஷமாகப் பேச்சு அளவோடுதான். வந்தவர் சாத்துக்குடிப் பையை வைத்துவிட்டு, முத்தமிழ் பல்லைக் கடித்துக்கொண்டு நடப்பதைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"என்னடா செல்லமுத்து, மாமியாக்காரி நடக்க வெச்சான்னு அந்த ஊர்லயே சண்டை புடிச்சுக் கூட்டியாந்தியாம். இங்கயும் அதான நடக்குது? அதுக்கு அங்கயே உட்ருக்கலாமே, கார் வாடகையாச்சும் மிஞ்சியிருக்கும்."

வேறு இரண்டு பேரும் அங்கே இருந்தார்கள். ஒருவர் சிரித்தார்; பெரிய சிரிப்புகூட இல்லை. வைரக்கண்ணு காபி குடித்துவிட்டுப் போனார். அவர் போன பிறகு செல்லமுத்து வாக்கரை எடுத்துப் பரண்மேல் வைத்தார்.

"அப்பா" என்றாள் முத்தமிழ்.

"உங்க மாமியா வந்து கூப்பிடட்டும். வந்து, பேசினது தப்புன்னு ஒரு வார்த்தை சொல்லட்டும். அன்னிக்கே அனுப்பி வைக்கிறேன். அங்க போய் நட, ஓடு, என்ன வேணா செய். நான் வேணாங்கல."

இதில்தான் எல்லாம் வந்து நின்றது. கெட்ட எண்ணம் அவருக்கு இல்லை. மகள் நடந்தாக வேண்டும் என்பது இப்போது அவருக்கும் தெரியும். ஆனால் அவர் வீட்டில் அவள் நடந்தால், நடுத்தெருவில் அவர் சொன்ன சொல் பொய்யாகும். கொளஞ்சியம்மாள் சொன்னது மெய்யாகும். அவள் வந்து கூப்பிட்டுப் போனால் யாருக்கும் குறைவில்லை. ஒரு வாரம், மிஞ்சினால் பத்து நாள், வராமலா இருப்பாள் என்று கணக்குப் போட்டார்.

அவளும் அதே மாதிரி ஒரு கணக்குப் போட்டுக்கொண்டு செட்டிகுளத்தில் உட்கார்ந்திருந்தாள். பேசிவிட்டுக் கூட்டிப் போனவர் அவர். அவரே கொண்டுவந்து விடட்டும் என்று. அன்பழகன் இரண்டு தடவை பைக்கில் வந்தான். கூப்பிட்டான். "நீங்க சின்னப் புள்ளைங்க மாப்ள. பெரியவங்க பேசின பேச்சு, பெரியவங்கதான் முடிக்கணும். அம்மாவ வரச் சொல்லுங்க" என்று சொல்லி, கோழி அடித்துச் சோறு போட்டு அனுப்பினார் செல்லமுத்து. ஐந்து மாதத்தில் இப்படி ஒரு மாதம் போயிற்று.

ஆஸ்பத்திரியிலிருந்து வாரம் ஒருமுறை போன் வரும். பர்சானா என்ற பெண், லெப்பைக்குடிக்காட்டுப் பிள்ளை. இந்தச் சோதனையில் சேர்ந்தவர்களுக்கு உடற்பயிற்சி சொல்லிக்கொடுப்பது அவள் வேலை. ஆபரேஷன் அன்றைக்குத் தன் போன் நம்பரைத்தான் எழுத வேண்டும் என்று செல்லமுத்து பிடிவாதமாகச் சொல்லி எழுத வைத்திருந்தார்.

"அஸ்ஸலா... ஸாரிங்க அய்யா, வீட்டுல அப்படியே பேசிப் பழக்கம். வணக்கம். முத்தமிழ் அக்கா நடக்குறாங்களா?"

"நடக்குதும்மா."

"எவ்வளவு நேரம் நடக்குறாங்க?"

"காலையில, சாயங்காலம்."

அவர் அறிந்து சொன்ன முதல் பொய் அது. நடக்கவில்லை என்று சொன்னால், ஏன் என்று அந்தப் பெண் கேட்பாள். ஏன் என்பதற்கு ஒரு வெளியாளிடம் சொல்லும்படியான பதில் அவரிடம் இல்லை. முதல் தடவை சொல்லும்போது நெஞ்சு அடித்தது. மூன்றாவது தடவை சொல்லும்போது அப்படி ஒன்றும் அடிக்கவில்லை. மூன்றாம் மாதச் சோதனைக்கு வரச் சொன்னாள். அடுத்த வாரம் வருகிறோம் என்றார். அதற்கு அடுத்த வாரமும் அப்படியே சொன்னார்.

கார்த்திகை கடைசியில் கொளஞ்சியம்மாள் வந்தேவிட்டாள்.

தனியாக வந்தாள். பெரம்பலூரில் ஒரு பஸ், அரியலூரில் ஒரு பஸ், செந்துறையில் இறங்கி ஷேர் ஆட்டோ. சிமெண்டு லாரிப் புழுதி புடவையெல்லாம் அப்பியிருந்தது. கூடத்துக்குள் வந்தவள் முதலில் கட்டிலைப் பார்த்தாள். முத்தமிழின் இடது கால் சூம்பி, தொடைக்குக் கீழே குச்சியாகிக் கிடந்தது. முகம் மட்டும் சூப்பு குடித்து உப்பியிருந்தது.

"என்னடி இப்படிக் கெடக்குற" என்றாள். பிறகு செல்லமுத்துவின் பக்கம் திரும்பிக் கைகூப்பினாள். "அண்ணே, அன்னிக்கு நான் பேசினது தப்புத்தான். வயசுல பெரியவங்க, மனசுல வெச்சுக்காதீங்க. புள்ளய அனுப்பி வைங்க."

அந்த நேரத்தில் தின்பண்டம் கொடுக்க வந்த பக்கத்து வீட்டுக்காரி அங்கே இருந்தாள். ஊர் முழுக்கச் சொல்வதற்கு அவள் ஒருத்தி போதும். செல்லமுத்துவுக்கு மார்பு விரிந்தது. இதைவிட என்ன வேண்டும்? "என்னம்மா நீ. நமக்குள்ள என்ன தப்பு, சரி. உக்காரு. ராசாத்தி, தங்கச்சிக்கு இலை போடு" என்றார்.

"சாப்பாடு கெடக்கட்டும்ணே. கார் சொல்லுங்க. இன்னிக்கே கூட்டிட்டுப் போயிடுறேன்."

"நாளக்கி மார்கழி பொறக்குதே. இன்னிக்கி அஷ்டமி வேற. மார்கழியில பொண்ணை வூட்ட விட்டு அனுப்புற பழக்கம் எங்க வம்சத்துலயே கெடையாது. தை பொறக்கட்டும். பொங்கச் சீரோட நானே கொண்டாந்து விடுறேன்."

கொளஞ்சியம்மாள் வாயைத் திறந்தாள். இவ்வளவு தூரம் இறங்கி வந்த பிறகு மறுபடியும் ஒரு வாய்ச் சண்டை வந்தால் தையும் போய்விடும் என்று நினைத்தாளோ என்னவோ, மூடிக்கொண்டாள். "அதுவரைக்கும் நடக்கவாச்சும் உடுங்க" என்று மட்டும் சொன்னாள்.

"அதுக்கென்ன" என்றார் செல்லமுத்து.

வாக்கர் பரணிலிருந்து இறங்கியது. ஆனால் இப்போது முத்தமிழால் எழுந்து நிற்கவே முடியவில்லை. நல்ல காலும் சேர்ந்து நடுங்கியது. நாலு அடி வைத்தாள்; உட்கார்ந்துவிட்டாள். அடுத்த நாள் ஆறு அடி. செல்லமுத்து வாசலில் நின்று யாரும் வருகிறார்களா என்று பார்த்துக்கொண்டார்.

தை ஏழாம் தேதி நல்ல நாள். தாம்பாளங்களோடு, ஒரு வேனும் ஒரு காருமாகச் செட்டிகுளத்தில் மகளைக் கொண்டுபோய் விட்டார். அந்தத் தெரு அதைப் பார்த்தது. மறுநாள் ஆஸ்பத்திரிக்கு அவரும் கூடப் போனார்.

இந்த முறை எல்லாரையும் உள்ளே வரச் சொன்னார்கள். செல்லமுத்துவுக்கு நாற்காலி போட்டார்கள். பர்சானா முத்தமிழின் காலிலிருந்து பட்டையைக் கழற்றி, ஒரு வயரில் மாட்டிக் கம்ப்யூட்டரோடு சேர்த்தாள். திரையில் ஒரு கோடு வந்தது. ஆவணிக் கடைசியில் தரையோடு தரையாகக் கிளம்பிய கோடு, புரட்டாசி முழுக்க மேலே மேலே ஏறியது. ஐப்பசியில் ஓர் உச்சிக்குப் போய், ஒரு நாள், கத்தியால் வெட்டிய மாதிரி நின்றது. அதற்குப் பிறகு ஓரிடத்தில் மட்டும் இரண்டு நாளைக்குச் சின்னதாக ஒரு மேடு. அப்புறம் கோடே இல்லை; மார்கழியில் தரையோடு ஒட்டிச் சில புள்ளிகள் மட்டும். அடியில் தேதிகள் இருந்தன. கோடு வெட்டுப்பட்ட நாள் தீபாவளிக்கு ஆறு நாள் முன்னால் என்று செல்லமுத்துவுக்கு எண்ணிப் பார்க்கத் தேவைப்படவில்லை.

பெரிய டாக்டர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் மாட்டினார்.

"இது அக்டோபர்ல எடுத்தது. பாருங்க, இந்த இடைவெளியில பஞ்சு மாதிரி ஒண்ணு தெரியுதா? புது எலும்பு. எங்களுக்கே சந்தோஷமா இருந்துச்சு. இது இன்னிக்கி எடுத்தது. அந்தப் பஞ்சு வளரவே இல்ல. ரெண்டு பக்கத்து எலும்பு முனையும் தனித்தனியா மூடிக்கிச்சு, இனிமே தானா ஒட்டாது. உள்ள வெச்சது கரைஞ்சுபோச்சு."

"திரும்ப வைக்க முடியாதுங்களா சார்?" என்றான் அன்பழகன்.

"ஒரு ஆளுக்கு ஒரு தடவைதான். சோதனையோட விதி அது. வேணும்னா வெளியில கம்பி வளையம் மாட்டி ஒரு வருஷம் இறுக்கிப் பார்க்கலாம். காலு ரெண்டு அங்குலம் குறையும். அப்பவும் சேரும்னு நான் வாக்கு குடுக்க முடியாது."

"வேணாம் சார்" என்றாள் முத்தமிழ். யாரும் அவளைக் கேட்கவில்லை. "இனிமே அறுக்க வேணாம்."

டாக்டர் எக்ஸ்ரேயைக் கழற்றி உறையில் போட்டார். பிறகு, இடுப்பிலிருந்து காலோடு சேர்த்துக் கட்டுகிற இரும்புச் சட்டம் ஒன்று செய்யலாம் என்றும், ஊன்றுகோலோடு வீட்டுக்குள் நடமாடலாம் என்றும் சொன்னார். வயலுக்கெல்லாம் போவது கஷ்டம் என்றார். அடுத்த நோயாளி காத்திருப்பதாக நர்ஸ் வந்து சொன்னாள். அவர் எழுந்து போனார்.

பர்சானா மட்டும் ஒரு தாளோடு உட்கார்ந்திருந்தாள். அவள் முகம் சிவந்திருந்தது. "இத நான் எழுதி அனுப்பணுங்க. ஒவ்வொருத்தருக்கும் ஏன் வேலை செய்யலன்னு காரணம் கேப்பாங்க. நான் போன் பண்ணப்ப எல்லாம் நடக்குறாங்கன்னுதான் சொன்னீங்க அய்யா. ஆனா பட்டையில..." பேனாவைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள்.

செல்லமுத்து நேராக உட்கார்ந்திருந்தார். கொளஞ்சியம்மாள் அவரைப் பார்க்கவில்லை. சுவரில் மாட்டியிருந்த எலும்புக்கூட்டுப் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் இப்போது வாயைத் திறந்தால் அவரால் தடுக்க முடியாது. அவள் திறக்கவில்லை. சொல்ல வேண்டியவர் அவர்தான் என்று எல்லாருக்கும் தெரிந்திருந்தது. அன்பழகன் தலைகுனிந்து நின்றதிலேயே தெரிந்தது. நான்தான் நடக்க விடவில்லை என்று இரண்டு வார்த்தை. அறுபத்தேழு வருஷமாக நிமிர்ந்தே இருந்த முதுகு அது. இந்த நாற்காலியில், இந்தச் சின்னப் பெண்ணுக்கு முன்னால், சம்பந்திக்கு முன்னால், அதை வளைக்க அவருக்குத் தெரியவில்லை.

"வலிதான் காரணம்" என்றாள் முத்தமிழ். "என்னால தாங்க முடியல. நான்தான் நடக்க மாட்டேன்னு சொல்லிட்டேன். போன்லயும் நடக்குறேன்னு சொல்லச் சொன்னது நான்தான். அப்பா என்ன செய்வாங்க."

பர்சானா நிமிர்ந்து அவளைப் பார்த்தாள். அவள் நம்பவில்லை. ஆனால் வேறு எழுதுவதற்கு யாரும் எதுவும் தரவில்லை. குனிந்து எழுதினாள். எழுதியதை விதிப்படி வாசித்தும் காட்டினாள்: 'நோயாளி வலி தாங்காமல், தாமாகவே நடைப்பயிற்சியை நிறுத்திக்கொண்டார். குடும்பத்தார் போதிய ஒத்துழைப்பு அளித்துள்ளனர்.'

"கூட இருந்தவங்க யாராவது ஒருத்தர் கீழ கையெழுத்து போடணும்" என்றாள்.

பேனாவை முதலில் கொளஞ்சியம்மாள் பக்கம்தான் நீட்டினாள். ஃபைலைக் கையில் வைத்திருந்தவள் அவள். கொளஞ்சியம்மாள் கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள்.

"அண்ணன் போடட்டும்" என்றாள்.

செல்லமுத்து பேனாவை வாங்கினார். தாளை நேராக்கி வைத்துக்கொண்டார். அவர் எங்கே கையெழுத்துப் போட்டாலும் கிறுக்குவதில்லை. தகப்பனார் பெயரின் முதலெழுத்து, தன் முழுப் பெயர், கீழே ஊர்ப் பெயர் என்று மூன்றும் தெளிவாக இருக்கும். அப்படியே போட்டார். மை காய்வதற்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. நிமிர்ந்து மகளைப் பார்த்தார். அவள் தள்ளுநாற்காலியைத் திருப்பச் சொல்லிப் புருஷனிடம் சைகை காட்டிக்கொண்டிருந்தாள்.